முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய்: மனைவியைக் கனிவாகப் பார்த்துக்கொள்ளும் இடம் சென்னையில் எப்படித் தேடுவது?

மாடிவீடு_மடிப்பாக்கம்:

வணக்கம். என் மனைவிக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. ரேடியேஷன் கொடுத்தும் இரண்டு கால்களிலும் அசைவு திரும்பவில்லை. இனி கீமோ வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போதைய நிலவரம்: மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒன்று, காலையில் டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு), யூரின் டியூப், வாய் வழியாகக் குழைவான சாப்பாடு. நினைவு தெளிவாக இருக்கிறது, நன்றாகப் பேசுகிறாள். முதுகின் அடிப்பக்கம், உட்காரும் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது.

வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. எனக்கு 66 வயது; தனியாக அவளைப் புரட்ட முடியவில்லை. ஏஜென்சி அனுப்பும் அட்டெண்டர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மகன் புனேயில். அதனால் ஒரு நல்ல இடத்தில் சேர்ப்பது என்று முடிவுக்கு வந்திருக்கிறோம். நெட்டில் தேடினால் எல்லா இடமும் 'வீட்டைப் போன்ற கவனிப்பு' என்றுதான் போட்டிருக்கிறது. உண்மையிலேயே கனிவாகப் பார்க்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்? மார்ஃபின் விஷயத்தில் சிக்கல் வருமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதும் எனக்குப் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_சிஸ்டர்:

ஐயா, இடம் தேடுறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்பை இன்னிக்கே கவனிங்க. விரலால மூணு விநாடி அழுத்தி எடுங்க. வெளுத்துட்டு மறுபடி சிவந்தா, அழுத்தத்தைக் குறைச்சாலே சரியாகும். அழுத்தியும் வெளுக்கலைன்னா படுக்கைப்புண்ணோட முதல் கட்டம். அந்த இடத்தைத் தேய்க்காதீங்க, பவுடர் போடாதீங்க, காத்து வளையம் வைக்காதீங்க. வளையம் சுத்தியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிச்சு நடுவுல இருக்கிற தோலை இன்னும் கெடுக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தணும். முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால தலையணை வெச்சு 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்கால் முழுக்கத் தாங்குற மாதிரி நீளவாக்குல ஒரு தலையணை வெச்சா குதிகால் மெத்தையில படாது.

ஏர் பெட் வாங்கியிருந்தா மோட்டாரை எப்பவும் ஆன்லயே வைங்க. மேல ஒரே ஒரு மெல்லிய பெட்ஷீட். பல வீடுகள்ல, ஏன், பல ஹோம்கள்லயும் ஏர் பெட் மேல ரெக்சின், அதுக்கு மேல மடிச்ச போர்வை, அதுக்கு மேல அண்டர்பேடுன்னு அடுக்கி வெச்சிருப்பாங்க. அப்படி அடுக்கினா காத்து ஏறி இறங்குறது உடம்புக்குப் போய்ச் சேராது, ஏர் பெட் இருந்தும் புண் வரும். மெத்தைக்கு அடியில கையை விட்டு அவங்க இடுப்பெலும்பு கையில தட்டுதான்னு பாருங்க. தட்டினா காத்து பத்தலை.

இப்ப இடத்தைப் பத்தி. உங்க மனைவி விஷயத்துல முதல் கேள்வி முதுகெலும்பு. "பேஷன்ட்டை எப்படித் திருப்புவீங்க, செஞ்சு காட்டுங்க"ன்னு கேளுங்க. சரியான முறையில ரெண்டு பேர், முடிஞ்சா மூணு பேர், அடியில ஒரு குறுக்கு ஷீட் போட்டு, தோள், இடுப்பு, கால் மூணும் ஒரே நேரத்துல ஒரே கட்டையா உருட்டுவாங்க. நடு உடம்பு முறுக்கக் கூடாது. யாராவது அக்குள்ல கை கொடுத்துத் தூக்கி மேல இழுத்தா, அந்த இடம் வேண்டாம். புற்று அரிச்ச எலும்பு அந்த இழுப்புலயே முறியலாம்.

அடுத்தது ராத்திரி. பகல்ல எத்தனை ஸ்டாஃப்னு எல்லாரும் கேக்குறாங்க. நீங்க ராத்திரி 8 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் ஒரு மாடிக்கு எத்தனை பேர், அதுல படிச்ச நர்ஸ் எத்தனை பேர், அட்டெண்டர் எத்தனை பேர்னு தனித்தனியாக் கேளுங்க. உருட்ட ரெண்டு பேர் வேணும். ராத்திரி ஒரே ஆள்தான்னா உங்க மனைவியைத் திருப்ப மாட்டாங்க, திருப்பினதா சார்ட்ல டிக் மட்டும் விழும். சார்ட்டைக் காட்டச் சொல்லுங்க. 12, 2, 4, 6 எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வுல இருந்தா, காலையில உக்காந்து மொத்தமா நிரப்பினதுன்னு அர்த்தம்.

போறப்ப சொல்லாமப் போங்க, சாப்பாட்டு நேரத்துக்குப் போங்க. பகல் 12.30-க்கோ ராத்திரி 7.30-க்கோ. தானாச் சாப்பிட முடியாதவங்களுக்கு யார் ஊட்டுறாங்க, நின்னுக்கிட்டே ஊட்டுறாங்களா உக்காந்து ஊட்டுறாங்களா, வாயில இருக்கிறதை விழுங்குற வரைக்கும் காத்திருக்காங்களான்னு பாருங்க. ஒரு அட்டெண்டர் ரெண்டு கட்டிலுக்கு நடுவுல நின்னு மாத்தி மாத்தி ஸ்பூன் நீட்டினா, அங்க ஆள் பத்தலை. அவங்களைக் கோவிச்சுப் பிரயோஜனம் இல்ல, நிர்வாகம் அப்படி வெச்சிருக்கு. யூரின் பேக் தரையில கிடக்குதா, கட்டில் கம்பியில தொங்குதான்னு பாருங்க. முக்காவாசி நிரம்பியும் யாரும் எடுக்கலைன்னா அதையும் குறிச்சுக்குங்க. படுத்திருக்கிறவங்க நகம், நாக்கு, உதடு பாருங்க. வாய் காஞ்சு வெள்ளை படிஞ்சிருந்தா, வாய் துடைச்சு விடுற வேலை நடக்கலை. அது அஞ்சு நிமிஷ வேலைதான். கணக்குல வராத அந்த வேலையைச் செய்யுற இடத்துலதான் மத்ததும் நடக்கும்.

இன்னொண்ணு. டாய்லெட்டுக்கோ டயப்பர் மாத்தவோ துணி விலக்குறப்ப திரை இழுக்குறாங்களா, பேஷன்ட்கிட்ட பேசிட்டுத் தொடுறாங்களா? உங்க மனைவி தெளிவா இருக்காங்க. "பாட்டி", "பெட் நம்பர் 4"ன்னு கூப்பிடுற இடத்துல அவங்களுக்கு மனசு ரொம்ப வலிக்கும்.

மருந்துச்சீட்டு:

மார்ஃபின் பற்றி நான் சொல்கிறேன். மேலே சிஸ்டர் சொன்ன ராத்திரி விஷயத்தோடு இது நேராகச் சம்பந்தப்பட்டது.

சாதாரண மருந்துக் கடையில் மார்ஃபின் மாத்திரை கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் ஸ்டாக் வைத்து நோயாளிகளுக்குத் தரலாம். எனவே எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்: உங்களுக்கு அந்த அங்கீகாரம் உண்டா? இருந்தால் பெரிய நிம்மதி. இல்லை என்றால் இப்போது மாத்திரை தரும் பாலியேட்டிவ் (நோய்த்தணிப்பு) கிளினிக்கிலிருந்தே நீங்கள் தொடர்ந்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். உங்கள் மனைவி பெயரில் எழுதி வழங்கிய மாத்திரையை அவருக்குக் கொடுப்பதில் சட்டத் தடை எதுவும் இல்லை. சீட்டின் நகலையும் மாத்திரையையும் ஒரே கவரில் வைத்து, எண்ணி ஒப்படைத்து, கையெழுத்து வாங்குங்கள்.

எண்ணிக்கை தெரிந்து வைத்திருங்கள். 4 மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 6, இரண்டு வாரத்துக்கு 84. இடையில் வலி வந்தால் கொடுக்கத் தனி டோஸ் உண்டு. வழக்கமாக அது ஒரு வேளை டோஸ் அளவுதான், அதாவது 10 மி.கி. நாளைக்கு இரண்டு அப்படிப் போனால் இரண்டு வாரத்துக்கு 112 வேண்டும். கணக்கில்லாமல் 84 மட்டும் வாங்கி வைத்தால் பதினோராம் நாளே தீர்ந்துவிடும், அது ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். இடை டோஸ் நாளைக்கு மூன்றுக்கு மேல் போனால் வழக்கமான டோஸ் போதவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்லி உயர்த்தச் சொல்லுங்கள்.

பல இடங்களில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கொடுத்து, இரவு 10-க்கு இரட்டை டோஸ் போட்டு அதிகாலை 2 மணி டோஸை விட்டுவிடுவார்கள். இது சரியான முறைதான், ஆனால் டாக்டர் எழுதியிருக்க வேண்டும். இரட்டை டோஸும் இல்லாமல் 2 மணி டோஸும் இல்லாமல், "நல்லாத் தூங்கினாங்க, அதான் எழுப்பலை" என்று சொன்னால் அது தப்பு. காலை 5 மணிக்கு வலி தலைக்கேறி, அதைத் தணிக்கப் பாதி நாள் ஆகும்.

மார்ஃபினோடு மலமிளக்கி கட்டாயம். இங்கே அடிக்கடி நடக்கிற குளறுபடியைச் சொல்கிறேன். மார்ஃபின், படுக்கை, கால் செயலிழப்பு மூன்றும் சேர்ந்து மலம் கல்லாக இறுகும். அதைச் சுற்றி நீர்மலம் கசியும். அட்டெண்டர் "லூஸ் மோஷன்" என்று எழுதுவார், யாரோ ஒரு டாக்டர் பேதி நிற்கும் மாத்திரை எழுதுவார், நிலைமை இன்னும் மோசமாகும். நான்கு நாள் சரியாகப் போகாமல் இருந்து திடீரென நீராகக் கசிந்தால், முதலில் விரல் பரிசோதனை செய்து அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதேபோல யூரின் டியூப் அடைத்துக்கொண்டாலும் உங்கள் மனைவி புரளுவார், முனகுவார், வியர்க்கும். அதை வலி என்று நினைத்து மார்ஃபினைக் கூட்டிவிடுவார்கள். அடிவயிற்றில் கை வைத்து, பேக்கில் கடைசி 4 மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் தளர்ந்தால் மார்ஃபின் உடம்பில் தங்கும். புதிதாக மயக்கம், கை விரல்கள் திடுக் திடுக்கென்று துள்ளுவது, மூச்சு மெதுவாவது இவை தெரிந்தால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கூப்பிட வேண்டும். தோலில் ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பேட்ச் ஒட்டும் முறைக்கு மாற்றினால் 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். ஒட்டிய தேதியையும் நேரத்தையும் பேட்ச் மேலேயே எழுத வேண்டும், அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும்.

கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" தோலுக்கடியில் சின்ன ஊசி வைத்து மருந்து கொடுப்போம் என்று பதில் வந்தால், இந்த வேலை தெரிந்த இடம். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்" என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோனைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் அவர்கள் சார்ட்டில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். வாரம் இரு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும்.

சமூகப்பணி_கீழ்ப்பாக்கம்:

சார், சென்னையில் உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு.

முதலாவது ஹாஸ்பைஸ், அதாவது குணப்படுத்த முடியாத நோயாளிகளைத் தங்கவைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம். மணலி அருகே மாத்தூரில் உள்ள ஜீவோதயா, முற்றிய புற்றுநோயாளிகளுக்காகவே நடத்தப்படுகிறது, கட்டணம் வாங்குவதில்லை. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனி இல்லை என்ற டாக்டர் கடிதம்தான் இங்கே முக்கியமான காகிதம். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. இலவசம் என்றால் ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். போன் செய்து படுக்கை இருக்கிறதா, கூட ஆள் இருக்க வேண்டுமா, பார்வை நேரம் என்ன என்று கேளுங்கள்.

இரண்டாவது, பாலியேட்டிவ் பிரிவு உள்ள மருத்துவமனை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தி.நகரில் ஆர்.எம்.டி. போன்ற இடங்களில் வலி நிவாரணத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வலி கட்டுக்குள் வரும்வரை சில நாள் சேர்த்துப் பார்ப்பதற்கு இவை சரியானவை, மாதக் கணக்கில் தங்க அல்ல. கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையமும் இப்படித்தான். 60 வயது கடந்தவர்களுக்கான அரசு மருத்துவமனை. தங்கும் இல்லம் இல்லை.

மூன்றாவது, மாதக் கட்டணம் வாங்கும் பராமரிப்பு இல்லங்கள். பள்ளிக்கரணை, பெருங்குடி, தாம்பரம், போரூர் பக்கம் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பக்கவாதம், மறதி நோய் உள்ள முதியவர்களை மனதில் வைத்து நடப்பவை. புற்றுநோய் வலியைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே குறைவு. சேர்ப்பதாக இருந்தால், வெளியிலிருந்து ஒரு பாலியேட்டிவ் டாக்டர் வந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான்காவது, வீட்டிலேயே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு, பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம். இடம் கிடைக்கும்வரை இதைப் பயன்படுத்துங்கள். இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

பதிவு பற்றி: மருத்துவக் கவனிப்பு தருகிற இடம் என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ்ப் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். வரவேற்பு அறையில் மாட்டியிருப்பார்கள். பெயர், முகவரி, செல்லுபடித் தேதி மூன்றையும் படியுங்கள். ஒரே நிறுவனம் பல கிளைகள் நடத்தும்போது தலைமைக் கிளையின் சான்றிதழை எல்லா இடத்திலும் மாட்டியிருப்பது உண்டு.

பணம்: மாதக் கட்டணம் என்று சொல்லும் தொகை பெரும்பாலும் அறையும் சாப்பாடும்தான். டிரெஸ்ஸிங், ஊட்டிவிடுவது, தனி அட்டெண்டர், டாக்டர் விசிட், ஆக்சிஜன், சலவை, டியூப் மாற்றுவது, ஆம்புலன்ஸ் காத்திருப்பு எல்லாம் தனித்தனி வரியாக ஏறும். எது உள்ளே, எது வெளியே என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். யூரின் டியூப் இருப்பதால் உங்கள் மனைவிக்கு டயப்பர் நாளைக்கு இரண்டு மூன்று போதும். பில்லில் ஆறு என்று வந்தால் கேள்வி கேளுங்கள். அட்வான்ஸ் எப்போது திரும்பும், மாதம் முடிவதற்குள் இறப்பு நேர்ந்தால் மீதி நாட்களுக்குக் கழிவு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் இப்போதே கேட்டாக வேண்டும்.

இன்சூரன்ஸ்: உங்கள் பாலிசியில் விலக்குகள் பகுதியில் எக்ஸ்க்ளூஷன் 05 என்று ஒன்று இருக்கும். ஓய்வுக்காகவும் வெறும் பராமரிப்புக்காகவும் தங்குவது, வாழ்வின் இறுதிக் கட்டத்தில் தரும் ஆறுதல் சேவை இவற்றுக்குப் பணம் தர மாட்டோம் என்பது அதன் சாரம். அதனால் பராமரிப்பு இல்லத்துக்கு கிளெய்ம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் வலியைக் கட்டுப்படுத்தவோ தொற்றுக்காகவோ 24 மணி நேரத்துக்கு மேல் சேர்த்தால் அதற்குக் கேட்கலாம்.

மாடிவீடு_மடிப்பாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. சிவப்பு அழுத்தினால் வெளுக்கிறது. சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறேன். இரண்டு கேள்வி. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் "நிலைமை மோசமானால் எங்கள் கொள்கைப்படி ஐசியு உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்" என்கிறார்கள். மாத்தூரில் அந்தப் பிரச்சினை இருக்காது, ஆனால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. என்னால் தினமும் போய்வர முடியுமா தெரியவில்லை. எதற்கு முன்னுரிமை கொடுப்பது? மாடியிலிருந்து எப்படி இறக்குவது?

சமூகப்பணி_கீழ்ப்பாக்கம்:

சார், ஏசி அறையா, புதுக் கட்டடமா என்பதையெல்லாம்விட நீங்கள் தினமும் போக முடிகிற தூரத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். ஆனால் அந்த ஐசியு வரியை அப்படியே விட்டுவிட்டுச் சேர்க்காதீர்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் அவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், எமர்ஜென்சியில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துவிடுவார்கள். அதன்பிறகு அதிலிருந்து எடுக்க முதலில் ஒரு மருத்துவக் குழு, பிறகு இரண்டாவது குழு ஒப்புதல் தர வேண்டும் என்று நீளும்.

இதற்கு இப்போதே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, சிகிச்சை தரும் புற்றுநோய் டாக்டரிடம், ஆறுதல் சிகிச்சை மட்டும், வென்டிலேட்டர் வேண்டாம், நெஞ்சழுத்தம் வேண்டாம் என்று தெளிவாக ஒரு கடிதம். இன்னொன்று, உங்கள் மனைவியின் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம். உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது. மாஜிஸ்திரேட் தேவையில்லை. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும். தனக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அவர் அதில் எழுதலாம். நோட்டரி வீட்டுக்கு வருவார். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும் இந்த நாட்களில்தான் இது செல்லும். மயக்கம் வந்தபின் நீங்கள் எழுதினால் செல்லாது. நகலை இல்லத்தின் ஃபைலில் முதல் தாளாக வைக்கச் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு, "சரி, ஐசியுவுக்கு அனுப்ப மாட்டோம், எங்கள் டாக்டர் வந்து பார்ப்பார்" என்று எழுதித் தந்தால் பக்கத்து இல்லம் சரி. தர மறுத்தால் மாத்தூர்.

அதோடு ஒன்று கேளுங்கள்: அங்கேயே இறப்பு நேர்ந்தால் எந்த டாக்டர், எவ்வளவு நேரத்தில் வந்து சான்று தருவார்? ஆஸ்பத்திரியில் என்றால் படிவம் 4, ஆஸ்பத்திரிக்கு வெளியே என்றால் படிவம் 4ஏ. முன்பு பார்த்தே இராத டாக்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். குடும்பம் உடலை வைத்துக்கொண்டு விடியும்வரை அலையும். அந்த டாக்டர் மாதம் ஒரு முறையாவது உங்கள் மனைவியைப் பார்த்துக் குறிப்பெழுதியிருந்தால் இந்தச் சிக்கல் வராது. இறப்பை 21 நாட்களுக்குள் மாநகராட்சியில் பதிய வேண்டும்.

வங்கிக் கணக்கு அவர் பெயரில் தனியாக இருந்தால், அதையும் இந்த வாரமே யாராவது ஒருவர் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

பெருங்குடி_எலக்ட்ரீஷியன்:

இன்னொரு கோணம். நீங்கள் பார்க்கிற ஏரியாக்களில் பாதி, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற பகுதிகள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே இருக்கப்போகிறார் என்றால் தரைத்தளப் படுக்கை வேண்டாம். ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பாருங்கள். பேஸ்மென்ட்டிலோ தெருமட்டத்திலோ இருந்தால் தண்ணீர் வரும் நாளில் அது ஓடாது. ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்று கேளுங்கள். ஏர் பெட் மோட்டார், ஆக்சிஜன் மிஷின் இரண்டும் அந்த லைனில் இருக்கிறதா, லைட் மட்டும்தானா என்பது முக்கியம். ஆக்சிஜன் தேவைப்படும் நிலை வந்தால், பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம், 5 லிட்டர் வைத்தால் 5 மணி நேரம். ஒன்றே ஒன்று மூலையில் நிற்கிறது என்றால், 5 லிட்டர் வைக்கும்போது ஒரு இரவுக்கே போதாது.

வார்டு_சிஸ்டர்:

இறக்குறது பத்தி. 108 அவசரத்துக்கு. இதுக்குத் தனியார் ஆம்புலன்ஸ் பேசுங்க, போன்லயே "முதுகெலும்பு கேஸ், ரெண்டாவது மாடி, படிக்கட்டு"ன்னு சொல்லிடுங்க. நாற்காலியில உக்கார வெச்சு இறக்குறோம்னா வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டாப் பிரிஞ்சு அடியில நுழையுற ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் வேணும், மூணு பெல்ட் வேணும், நாலு ஆள் வேணும். படிக்கட்டு திரும்புற இடத்துல ஸ்ட்ரெச்சர் திரும்புமான்னு முந்தின நாளே ஒருத்தர் வந்து அளந்து பாக்கட்டும். இறங்கும்போது கால் பக்கம் முன்னால போகணும்.

கிளம்புறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி இடை டோஸ் மார்ஃபின் ஒண்ணு கொடுங்க. யூரின் பேக்கைக் காலி பண்ணிட்டு, கால்களுக்கு நடுவுல, இடுப்பைவிடத் தாழ்வா வைங்க. ஸ்ட்ரெச்சர் கம்பியில மாட்டினா படியில இழுபட்டு டியூப் உருவிக்கும். மாத்தூர் போறதா இருந்தா காலை ஆறு மணிக்குக் கிளம்புங்க. நூறடி ரோட்டுல மெட்ரோ வேலை நடக்கிற இடமெல்லாம் குண்டும் குழியும். ஸ்பீட் பிரேக்கர்ல ஊர்ந்து போகச் சொல்லி டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வீட்டு ஏர் பெட்டையும் கூடவே எடுத்துப் போங்க, அங்க தர்ற வரைக்கும் வெறும் மெத்தையில படுக்க வேண்டாம்.

அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க. முடிவு பண்ணிட்டு அறிவிக்காதீங்க, ஐயா. உங்க உடம்பால முடியலைங்கறதையும், திருப்புறப்ப அவங்களுக்கு வலிக்குதுங்கறதையும் உள்ளபடி சொல்லுங்க. ரெண்டு இடத்தோட கட்டில், ஜன்னல், சாப்பாடு எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்துக் காட்டுங்க, அவங்களே கேள்வி கேக்கட்டும். முதல்ல ரெண்டு வாரம் இருந்து பாக்கலாம், பிடிக்கலைன்னா வீட்டுக்கு வந்துடலாம்னு சொல்லுங்க. சொன்னா அந்த வார்த்தையைக் காப்பாத்தணும், அதனால வீட்டுக் கட்டிலைக் கழட்டிடாதீங்க. நோட்டரி பத்திரமும் அவங்க வாயால சொல்லி எழுதட்டும். பலபேர் இதைப் பேச ஆள் கிடைக்காமதான் தவிக்குறாங்க.

கையில எடுத்துப் போறதுல முன்பக்கம் பட்டன் வெச்ச நைட்டி நாலு, அவங்க தலையணை, மூக்குக் கண்ணாடி, சார்ஜர், மணி அடிக்க எட்டலைன்னா தட்டுறதுக்கு ஒரு சின்னக் கைமணி. அப்புறம் ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டுங்க: பேரு, எப்படிக் கூப்பிடணும், காப்பியா டீயா, எந்தப் பக்கம் படுத்தா வலி குறையும், "ரெண்டு பேர் சேர்ந்து கட்டையா உருட்டவும்". ஷிஃப்ட் மாறி வர்ற புதுப் பொண்ணு ஃபைலைப் படிக்காது, இதைப் படிக்கும்.

முதல் வாரம் தினமும் ஒரே நேரத்துக்குப் போகாதீங்க. ஒரு நாள் காலை ஏழு மணி, ஒரு நாள் மதியம், ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை. போனதும் மார்ஃபின் சார்ட்டையும் மாத்திரை எண்ணிக்கையையும் ஒத்துப் பாருங்க, அப்புறம் அவங்க முதுகைப் பாருங்க. ரெண்டும் சரியா இருந்தா மத்த சின்னக் குறைகளைப் பொறுமையாப் பேசிச் சரி பண்ணிக்கலாம். தேதி போட்டு அந்தச் சிவப்பைப் போட்டோ எடுத்து வைங்க. அளவு கூடினாலோ தோல் உரிஞ்சாலோ அன்னிக்கே இங்க எழுதுங்க, டிரெஸ்ஸிங் முறை சொல்றேன்.